மூழ்கி எழும் சிறுகலம்

1898-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் நிக்கோலா டெஸ்லா என்னும் அறிஞர் கம்பியில்லா அலைகளால் சிறு படகொன்றைச் செலுத்திக் காட்டினார். பொழுதுபோக்காகச் செய்யப்பெறும் மாதிரி நீர்மூழ்கியும் அவ்வழி வந்ததே. அதன் தொட்டியில் நீர் புகின் கலம் எடை மிகுந்து ஆழும். நீரை வெளியேற்றின் மிதக்கும். வானொலி அலை உப்புநீரில் விரைவில் மாயும். அதிர்வெண் குறைந்த அலையோ நன்னீரில் சிறிது ஆழம் செல்லும். ஆதலின் இதற்குக் கடலினும் கொல்லிமலை வாசலூர்பட்டி ஏரி போன்ற நன்னீர்நிலையே ஏற்றது. ஆயினும் அலை அறுந்தால், பன்னாள் உழைப்பு நொடியில் சேற்றில் புதையும். ஆகவே தேர்ந்தோர், கட்டளை நின்றவுடன் தானே நீரை உமிழ்ந்து மேலெழச் செய்யும் பொறியை அதனுள் தவறாது அமைப்பர். மாணவர்களே, ஆழம் காணப் புகுவோர்க்கு மீளும் வழியை முன்னரே வகுத்துக்கொள்ளுதல் அறிவுடைமை அன்றோ!