புள்ளி நம்முடையது, கோடு கம்ப்யூட்டருடையது

இந்த மலரில் காதல் கவிதைக்கும் தன்னம்பிக்கைக் கட்டுரைக்கும் பஞ்சம் இருக்காது. அதனால் நான் வேறு ஒன்றை எடுத்துக்கொண்டேன். வீடியோ எடிட்டிங்கில் ஒரு காட்சி மறைந்து அடுத்த காட்சி வருகிறதே, அந்த 'டிரான்சிஷன்' மக்கர் பண்ணினால் எங்கே தேடுவது என்பதுதான் விஷயம். கல்ச்சுரல்ஸ் வீடியோ, ஃபேர்வெல் வீடியோ என்று நம்மில் பாதிப் பேர் செல்போனிலேயே எடிட் பண்ணுகிறோம். எஃபெக்ட் சரியா வரலைன்னா 'இந்த ஆப்பே வேஸ்ட்' என்று அழித்துவிட்டு வேறொன்றை இறக்குகிறோம். பாவம், அந்த ஆப் என்ன செய்யும்?

நான் மின்னணுவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா நூல் சுற்றப் போகிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டி வந்த முதல் ஆள் நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் ஸ்டுடியோ ஒன்றில் எடிட்டிங் வேலை பார்க்கிறேன். செமஸ்டர் ஃபீஸில் பாதி அதில்தான் வருகிறது.

"கம்ப்யூட்டர்ல அப்படி என்னதான் கண்ணு பண்ற?" என்று அம்மா ஒருநாள் கேட்டார். 'கீஃபிரேம்' என்றால் அவருக்கு என்ன தெரியும்? வாசலைக் காட்டினேன். "கோலத்துக்குப் புள்ளி வெக்கிறியே, அதுதாம்மா. நான் புள்ளி வெப்பேன், கம்ப்யூட்டர் கோடு இழுக்கும்" என்றேன். உண்மையும் அதுதான். 0ஆவது ஃபிரேமில் படத்தின் தெரியும் அளவு 0 என்று ஒரு புள்ளி, 50ஆவது ஃபிரேமில் 100 என்று இன்னொரு புள்ளி. நடுவில் உள்ளவற்றுக்கு மெஷினே கணக்குப் போட்டுக்கொள்ளும். கையால் கார்ட்டூன் வரைந்த காலத்தில் முக்கியமான நிலைகளை மட்டும் மூத்த ஓவியர் வரைந்து கொடுப்பார், இடையில் வருவதை உதவியாளர்கள் நிரப்புவார்கள். கீஃபிரேம் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். (வீடியோவைச் சுருக்கும் முறையிலும் 'கீஃபிரேம்' என்று ஒன்று உண்டு. முழுப் படமாகப் பதிவாகும் ஃபிரேமுக்கு அந்தப் பெயர். அது வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ராத்திரி முழுக்கத் தேடுபவர்கள் நம் ஹாஸ்டலிலேயே இருக்கிறார்கள்!)

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப கோலம் கோணிக்கிச்சுன்னா புள்ளியத்தானே பாக்கோணும்?" என்றார். எனக்கு வேறு வாத்தியார் தேவைப்படவில்லை.

போன வைகாசியில் ஒரு கல்யாண வீடியோ. பெண்ணின் அப்பா இரண்டு வருஷத்துக்கு முன்பே தவறிவிட்டார். அவருடைய போட்டோ மெல்ல மறைந்து, மணவறையில் மகள் தெரிய வேண்டும் என்பது பெண்ணின் அம்மாவுடைய ஆசை. ஸ்டுடியோவில் முன்பு இருந்த ஒரு அண்ணன் அதைச் செய்து வைத்துவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வந்து பார்த்தார். போட்டோவிலிருந்து மணவறைக்கு மாறும்போது, லோ வோல்டேஜில் பல்பு மங்குவது போல, படம் ஒரு கணம் மங்கித் தெளிந்தது. "ஏங்கண்ணு, அவரு மொகம் இருண்டு போகுதே..." என்று சொன்னவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கல்யாண வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் எடுப்பார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டுடியோ அண்ணா, "ராம் பத்தலைம்மா, சிஸ்டம் பழசு" என்றார். புது சிஸ்டம் வாங்கினால் அந்தச் செலவு முதலில் யார் சம்பளத்தில் கை வைக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு அது ராம் மாதிரி தெரியவில்லை. மெஷினுக்குத் தெம்பு இல்லையென்றால் பிரிவியூ திக்கித் திக்கி ஓடும். வெளியே எடுத்த ஃபைலில் அது தெரியாது. இங்கே எடுத்த ஃபைலிலும் அதே இடத்தில் அதே மங்கல். எத்தனை தடவை ஓட்டினாலும் அதே ஃபிரேம். அப்படியானால் இது கணக்கில் இருக்கிற கோளாறு.

நம் லேபில் ஆம்ப்ளிஃபையர் வேலை செய்யவில்லை என்றால் என்ன பண்ணுவோம்? பாட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டா இருப்போம்? சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து தெரிந்த ஒரு சிக்னலைக் கொடுத்து, ஒவ்வொரு ஸ்டேஜாக சி.ஆர்.ஓ.வில் பார்ப்போம் இல்லையா, அதையேதான் செய்தேன். ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, போட்டோ இருந்த இடத்தில் வெறும் வெள்ளை, மணவறை இருந்த இடத்திலும் வெறும் வெள்ளை வைத்தேன். கீஃபிரேம்களைத் தொடவில்லை. வெள்ளையிலிருந்து வெள்ளைக்கு மாறினால் வெள்ளையாகத்தானே இருக்க வேண்டும்? நட்டநடு ஃபிரேமில் சாம்பல் நிறம்! சாஃப்ட்வேரிலேயே 'வேவ்ஃபார்ம்' என்று ஒரு ஸ்கோப் உண்டு, நம் சி.ஆர்.ஓ.வுக்குத் தம்பி முறை. அதில் 100இல் நின்ற கோடு 75க்கு இறங்கி மறுபடி ஏறியது.

காரணம் இதுதான். மேல் டிராக்கில் மகள் 0இலிருந்து 100க்கு வருகிறாள். அதே நேரத்தில் கீழ் டிராக்கில் அப்பா 100இலிருந்து 0க்குப் போகிறார். பார்த்தால் நியாயமாகத் தெரியும். ஆனால் நடுவில் மேலே 50 சதவீதம் இருக்கும்போது, கீழே இருப்பதற்கு மிச்சம் 50தான் இடம். அந்தக் கீழ்ப் படமும் பாதியாகக் குறைந்திருப்பதால் கிடைப்பது 25. ஆக மொத்தம் 75. மீதி 25 பின்னால் இருக்கிற கறுப்பு. அந்தக் கறுப்புதான் அவர் முகத்தில் விழுந்தது.

கீழ் டிராக்கில் இருந்த இரண்டு புள்ளியையும் எடுத்துவிட்டேன். அப்பா 100இலேயே நிற்கட்டும், மகள் மேலே வந்து மூடட்டும். எந்த ஃபிரேமை நிறுத்திப் பார்த்தாலும் இரண்டும் சேர்ந்து 100. வெள்ளை வெள்ளையாகவே நின்றது.

இதோடு முடியவில்லை. பாட்டின் தாளத்துக்காக இன்னொரு இடத்தில் 50 ஃபிரேம் டிரான்சிஷனை 25ஆகக் குறைத்திருந்தார்கள். நாம் வெட்டினால் சில சாஃப்ட்வேர் புள்ளிகளையும் சேர்த்துச் சுருக்கும், சில சுருக்காது. சுருக்காவிட்டால் கடைசிப் புள்ளி வெளியே 50இலேயே கிடக்கும். எண்ணிக்கை 0இல் தொடங்குவதால் 25 ஃபிரேமில் கடைசியானது 24ஆவது. அங்கே படம் 48 சதவீதம்தான் வந்திருக்கும், அடுத்த ஃபிரேமில் திடுக்கென்று 100. பார்க்கிறவர்கள் 'ஜெர்க் அடிக்குது' என்பார்கள். 25 ஃபிரேம் துண்டில் 25ஆவது இடத்தில் புள்ளி வைத்தாலும் அது வெளியேதான்!

அப்புறம் சிக்குக் கோலம். நேர்கோடாக இழுக்காமல் 'ஸ்மூத்' என்று கொடுத்தால் கோடு வளைந்து போகும், சில இடத்தில் புள்ளியைத் தாண்டியும் போகும். போட்டோ இடமிருந்து நடுவுக்கு வந்து, மூன்று நொடி நின்று, வலப்பக்கம் போக வேண்டும். நிற்கும் இரண்டு புள்ளியும் ஒரே மதிப்புதான். ஆனாலும் போட்டோ சும்மா நிற்காமல் சற்றுத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். அந்த இடத்தை மட்டும் 'லீனியர்' அல்லது 'ஹோல்டு' ஆக்கினால் அடங்கிவிடும். இது தெரியாமல் நடுவில் மேலும் நாலு புள்ளி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கோலம் இன்னும் சிக்காகும், அவ்வளவுதான்.

சாயங்காலம் அந்த அம்மா மறுபடி வந்தார். மூன்று தடவை ஓட்டச் சொன்னார். மூன்றாவது தடவை போட்டோ மறையும் இடத்தில், "நிறுத்து கண்ணு" என்றார். நிறுத்தினேன். அப்பாவும் மகளும் பாதிப் பாதியாக ஒரே திரையில் இருந்தார்கள். அதைத் தனிப் படமாகப் பிரிண்ட் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். பத்துக்குப் பன்னிரண்டு அளவில் போட்டுக் கொடுத்தோம். ராம் பேச்சை அண்ணா அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: கேடென்லைவ், ஷாட்கட் இரண்டும் இலவசம். மாணவர் சங்கம் கேட்டால் நம் கம்ப்யூட்டர் லேபில் போட்டுத் தருவார்கள் என்று நினைக்கிறேன். வெள்ளைக்கு வெள்ளை வைத்த அந்தச் சோதனை ஃபைல் என் பென் டிரைவில் இருக்கிறது. வேண்டும் என்கிறவர்கள் மதிய இடைவேளையில் மின்னணுவியல் லேப் வாசலுக்கு வாருங்கள்.