உன் மேல தப்பில்ல

"அவருக்கும் வயசாயிடுச்சு, நடந்ததை மறந்துடு" என்கிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் சிறுவயதில் சொந்தக்காரரின் பாலியல் கொடுமைக்கு ஆளானவளிடம் அப்படிச் சொல்வது, பட்டவள் தலையிலேயே இன்னொரு சுமையை ஏற்றுவது. மன்னிப்பதும் மறப்பதும் அவள் விருப்பம். முதலில் அவள் சொல்வதை நம்ப ஒரு ஆள் வேண்டும்.

முப்பத்தெட்டு வயதில்தான் அம்மாவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சித்தப்பா முறையாகும் அந்த மனிதரின் பெயரைச் சொன்னதும் கை நின்றது. "தெரியும்டி. அதனாலதானே உன்னை ஹாஸ்டல்ல சேர்த்தேன்" என்றாள்.

ஆடிப்போனேன். ஒன்பது வயதில் என்னை ஹாஸ்டலுக்கு அனுப்பியதை, ஏதோ தப்புக்குத் தண்டனை என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். கூட்டுக்குடும்பத்தில் வாய்திறக்க முடியாத மருமகள், தனக்குத் தெரிந்த ஒரே வழியில் மகளைக் காப்பாற்றியிருக்கிறாள். புரிகிறது. ஆனாலும் கோபம் வருகிறது. "உன் மேல தப்பில்ல" என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காரணம் தெரியாமல் கிடைத்த பாதுகாப்பு எனக்குத் தண்டனையாகத்தான் வந்து சேர்ந்தது.

2007-ல் மத்திய அரசு வெளியிட்ட, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். ஆண் பிள்ளைகளும் சரிபாதி. பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் வாய்திறக்கவில்லை. எத்தனை வீடுகளில் என் அம்மாவைப் போல் யாராவது தெரிந்தும் பேசாமல் இருந்தார்களோ.

நான் போன மனநல ஆலோசகர், நடந்ததை எடுத்த எடுப்பில் கேட்கவில்லை. தூக்கம் எப்படி, வீட்டில் யாரோடு இருக்கும்போது பயமில்லை, இதைத்தான் பல வாரம் கேட்டார். 1992-ல் மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் எழுதிய புத்தகமும் இந்த வரிசையைத்தான் சொல்கிறது: முதலில் பத்திரம், அப்புறம்தான் நினைவும் அழுகையும்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. அதன்கீழ், வளர்ந்த பிறகும் புகார் தரலாம் என்று 2018-ல் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. எனக்கு நடந்தது அதற்கெல்லாம் வெகு முந்தி. வழக்கா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

போன வருஷம் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. பத்திரிகை கொடுக்கவேண்டியவர்கள் பட்டியலில் அந்தப் பெயரை அம்மாவே அடித்தாள். அண்ணன் ஏன் என்று கேட்டதற்குக் காரணத்தையும் அவளே சொல்லிவிட்டாள். அன்றைக்கே எனக்குப் போன். "என்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று கத்தினான்.

"உனக்கு அப்ப பதினோரு வயசுண்ணா" என்றேன்.