ரெண்டு கிலோ கூடுச்சுன்னா எதை எடுப்பீங்க?



விசா வந்தாச்சு, டிக்கெட் போட்டாச்சு, அடுத்த வாரம் கிளம்பணும்னு இருக்கிறவங்களுக்கும், அப்பா அம்மாவை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகிட்ட அனுப்பப் போறவங்களுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். டாக்டருக்கு எதுக்குய்யா பெட்டி எடைக் கணக்குன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு, படிச்சுட்டே வாங்க.

திருச்சி ஏர்போர்ட் பக்கம் போனவங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. செக்-இன் கவுண்டருக்கு நாலடி தள்ளி தரையில உட்கார்ந்து பெட்டியைத் திறந்து போட்டிருப்பாங்க. ஒரு பக்கம் முறுக்கு டின், ஒரு பக்கம் இட்லிப் பொடி, நடுவுல பட்டுப்புடவை. "சார், நாலு கிலோ கூடுது. பணம் கட்டுறீங்களா, எடுக்குறீங்களா?"ன்னு கேட்டுட்டு அவங்க அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. இவருக்குக் கை நடுங்கும். பின்னாடி நூறு பேர் நிக்கிறாங்க. வழியனுப்ப வந்தவங்க வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம். அந்த அஞ்சு நிமிஷத்துல எதை எடுக்கிறோம், எதை எந்தப் பைக்கு மாத்துறோம்னு யோசிக்கிற நிலைமையில யாரும் இருக்க மாட்டாங்க.

அந்த அஞ்சு நிமிஷம் ஒருத்தரை எங்க கேஷுவாலிட்டி வரைக்கும் கொண்டு வந்தது.

வளைகுடாவில் டிரைவர் வேலை பார்க்கிறவர். பதினெட்டு வயசுல இருந்து டைப் 1 சர்க்கரை நோய், தினமும் இன்சுலின் போட்டே ஆகணும். தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்கு வர்றார். செக்-இன் பெட்டி முழுக்க போர்வை, பால் பவுடர், கோடாலித் தைலம், சென்ட் பாட்டில், பேரீச்சம்பழம். அங்கே இடம் பத்தாம மீதியெல்லாம் கைப்பையில ஏறிடுச்சு. கைப்பைக்கு அனுமதி 7 கிலோ. இவர் பை 11. விமானத்தில் ஏறும் கேட்டில் நிறுத்தி எடை போட்டு, கூடுதல் பணத்தையும் வாங்கிட்டு, டேக் ஒட்டிப் பையைக் கீழே சரக்கு அறைக்கு அனுப்பிட்டாங்க. அந்தப் பைக்குள்ளதான் இன்சுலின் பேனா, ஊசி, குளுக்கோமீட்டர் எல்லாமே.

நடுவுல ஒரு ஊர்ல விமானம் மாறணும். ஆள் மாறிட்டார், பை மாறல.

"நாளைக்கு வந்துடும்"னு சொன்னாங்க. கல்யாண வேலை, பந்தல், சமையல்காரருக்கு முன்பணம்னு இவரும் ஓடிட்டார். ரெண்டாம் நாள் ராத்திரி வயித்துவலி, வாந்தி. வீட்டுல எல்லாரும் பந்திச் சாப்பாடு ஒத்துக்கலைன்னு நினைச்சு சோடா வாங்கிக் கொடுத்திருக்காங்க. மூணாம் நாள் விடியக்காலையில எங்ககிட்ட வரும்போது மூச்சு வேகமா, ஆழமா வாங்குது. மீட்டர்ல எண்ணே வரல, 'ஹை'ன்னு மட்டும் காட்டுது. கீட்டோஅசிடோசிஸ். அதாவது இன்சுலின் இல்லாததால் உடம்பு சர்க்கரையை எரிக்க முடியாம கொழுப்பை எரிச்சு, ரத்தமே அமிலமாகிற நிலை. சலைன், இன்சுலின், பொட்டாசியம்னு ஓட்டி மீட்டோம். தங்கச்சி கழுத்துல தாலி ஏறும்போது அண்ணன் எங்க வார்டுல. நாலாம் நாள் பை பத்திரமா வீட்டுக்கு வந்துடுச்சு. சென்ட் பாட்டில் ஒண்ணுகூட உடையலையாம்.

இதுல ஒரு வருத்தம் என்னன்னா, இன்சுலின் நம்ம ஊர் அரசு மருத்துவமனையில இலவசம். வந்த அன்னிக்கே ஒரு ஓபி சீட்டு போட்டிருந்தா முடிஞ்சது. பை தொலைஞ்சா கம்ப்ளெயின்ட் எழுதிக் கொடுக்கிறதோட நிறுத்தாதீங்க, மருந்தை அன்னிக்கே வாங்குங்க.

சரி, முதல் விஷயம். மருந்தைக் கைப்பையில வைங்கன்னு எல்லாரும் சொல்வாங்க. நான் அதுக்கு ஒரு படி மேலே போகச் சொல்றேன். கைப்பைக்குள்ள ஒரு சின்னப் பை. அதுல மருந்து, மருந்துச் சீட்டு, மீட்டர், இன்ஹேலர், கண்ணாடி. கேட்டில் கைப்பையைப் பிடுங்கினாலும் அந்தச் சின்னப் பையை ஒரே இழுப்பில் வெளியே எடுக்கணும். மடிப்புடவைக்குள்ள சுருட்டி வெச்சிருந்தா அந்த அவசரத்துல எடுக்கவே மாட்டீங்க. பவர் பேங்கும் அதே சின்னப் பையில இருக்கட்டும். பவர் பேங்க், தனி லித்தியம் பேட்டரி எதுவும் சரக்கு அறைக்குப் போகவே கூடாது, தீப்பிடிச்சா அங்கே அணைக்க ஆள் கிடையாது. கைப்பையில 100 வாட்-அவர் வரைக்கும் அனுமதி. நம்ம 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-அவர்தான், பிரச்சினை இல்லை.

இன்சுலினை செக்-இன் பெட்டியில வைக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு, பை தொலையும்ங்கிறது மட்டும் காரணம் இல்லை. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேணும். ஆனா உறைஞ்சு போச்சுன்னா, அது கரைஞ்ச பிறகு பார்க்க நல்லாத்தான் இருக்கும், வேலை செய்யாது. தூக்கிப் போட வேண்டியதுதான். சரக்கு அறைக் குளிரும், ஓடுதளத்து வெயிலும் நம்ம கையில இல்லை. ஐஸ் கட்டி மேலே நேரடியா வைக்கிறதும் அதே தப்புதான்.

வெளிநாட்டுக்குப் போறவங்க இன்னொண்ணு கவனிங்க. நம்ம ஊர் இன்சுலின் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதுக்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். வெளிநாடுகள்ல பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட், அதுக்கு ஆரஞ்சு மூடி. இங்கிருந்து கொண்டுபோன மருந்து தொலைஞ்சு, அங்கே குப்பி வாங்கி, கையில இருக்கிற சிவப்பு மூடி சிரிஞ்சுலயே அதே கோட்டுக்கு ஏத்தினா ரெண்டரை மடங்கு டோஸ் உள்ளே போகும். தூக்கத்துலயே சர்க்கரை இறங்கிடும். குப்பி மாறினா சிரிஞ்சும் மாறணும். அம்மா அப்பாவை அனுப்புறவங்க இதை எழுதியே கொடுத்து அனுப்புங்க.

எடை குறைக்கிறேன்னு மாத்திரையை எல்லாம் அட்டையில இருந்து பிரிச்சு ஒரே டப்பாவுல கொட்டிக் கொண்டு போறவங்களைப் பார்த்திருக்கேன். தயவுசெஞ்சு வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு நாளைக்கு 4 மாத்திரை, ஆறு மாசத்துக்கு சுமார் 720. பத்து பத்தா 72 அட்டை. மொத்தமே ஒன்று, ஒன்றரை கிலோவுக்குள் அடங்கிடும். வெளி அட்டைப்பெட்டியை வேணும்னா தூக்கிப் போடுங்க, பேர் போட்ட அட்டை கூடவே இருக்கணும். பேர் இல்லாத வெள்ளை மாத்திரை நூறை வெச்சுக்கிட்டு கஸ்டம்ஸ்ல என்னன்னு விளக்குவீங்க? அதிலும் ஐக்கிய அரபு அமீரகம் மாதிரி நாடுகள்ல டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, பிரிகாபலின், அல்பிரசோலாம் எல்லாம் முன் அனுமதி இல்லாம கொண்டு போகக் கூடாதவை. இங்கே முதுகுவலிக்குச் சாதாரணமா எழுதுற மருந்து அங்கே போலீஸ் கேஸ்.

பெட்டிக்கு வருவோம்.

நிறைய பேர் குழம்புற இடம், எடைக் கணக்கா பீஸ் கணக்கா என்பது. வளைகுடா விமானங்கள் பலதில் மொத்தம் இத்தனை கிலோன்னு எடைக் கணக்கு. அமெரிக்கா பக்கம் போறதுல பீஸ் கணக்கு, ஒவ்வொரு பெட்டியும் 23 கிலோ. இங்கே ஒண்ணு 26, இன்னொண்ணு 20 வெச்சுட்டு 'மொத்தம் 46தானே'ன்னு வாதாட முடியாது. 26-க்குத் தனியா காசு. அடுத்தது, மதுரையில இருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், சென்னையில இருந்து வெளிநாட்டுக்குத் தனி டிக்கெட்டுன்னு போட்டிருந்தா, வெளிநாட்டு விமானத்துல 30 கிலோ இருந்தாலும் உள்ளூர் விமானத்துல பெரும்பாலும் 15 கிலோதான். மீதி 15-க்கு மதுரையிலயே கட்டணும். ரெண்டையும் ஒரே டிக்கெட்டா போட்டா பொதுவா இந்தச் சிக்கல் வராது. டிக்கெட் விலையில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிச்சு, பெட்டிக்கு அதைவிட அதிகமா அழுதவங்க நிறைய. கூடும்னு தெரிஞ்சா முன்னாடியே ஆன்லைன்ல கிலோ வாங்கிடுங்க, கவுண்டர்ல கேக்குற ரேட்டுக்கு அது குறைவாத்தான் இருக்கும்.

எடை பார்க்கத் தனி மெஷின் தேவையில்லை. வீட்டு எடை மெஷின்ல வெறுங்கையோட ஒரு தடவை, பெட்டியைத் தூக்கிட்டு ஒரு தடவை ஏறுங்க. வித்தியாசம்தான் பெட்டி. மெஷினுக்கு மெஷின் மாறும், அதனால ஒரு கிலோ குறைச்சே கட்டுங்க. காலிப் பெட்டியே நாலஞ்சு கிலோ இருக்கும், புதுசு வாங்கும்போது அதையும் பாருங்க. வயசானவங்க, முதுகுவலிக்காரங்க இந்த மெஷின் வேலையைச் செய்ய வேண்டாம், வீட்டுப் பசங்களை விடுங்க.

முதுகுன்னதும் ஒரு விஷயம். 23, 32 என்ற எண்கள் பவுண்டுக் கணக்குல இருந்து வந்தவை, 50 பவுண்டும் 70 பவுண்டும். ஆனா எங்க துறைக்கும் அந்த 23 பழக்கமான எண்தான். தொழிலாளர்கள் எவ்வளவு எடை தூக்கலாம்னு கணக்கிட அமெரிக்காவின் நையோஷ் நிறுவனம் 1991-ல் திருத்தி அமைச்ச சமன்பாடு ஒண்ணு இருக்கு. சுமை உடம்பை ஒட்டி இருந்து, இடுப்பைத் திருப்பாம, குனியாம, எப்பவாவது ஒரு தடவை தூக்கினா 23 கிலோ. இதெல்லாம் இல்லைன்னா அளவு அதைவிடக் குறையும்.

இப்போ நம்ம ஊர்ல வர்ற சின்ன விமானங்களை நினைச்சுப் பாருங்க. நிறைய விமானத்துல பெட்டிகளை ஒவ்வொண்ணா உள்ளே தள்ளி அடுக்கணும். சரக்கு அறையில நிமிர்ந்து நிக்க முடியாது. மண்டி போட்டு, உடம்பைத் திருப்பி, நூத்துக்கணக்குல. இந்த வேலை பார்க்கிற ஒரு தம்பி டிஸ்க் விலகி என்கிட்ட வந்தார். இருபத்தாறு வயசு. "சார், 'ஹெவி' டேக் ஒட்டினா ரெண்டு பேர் தூக்குவோம். ஒட்டலைன்னா ஒருத்தன்தான்"னு சொன்னார். காசு கட்டினாலும் 32 கிலோவுக்கு மேல ஒரே பெட்டியா பெரும்பாலான விமானங்கள் ஏத்துக்காததுக்குக் காரணம் இவர் முதுகுதான். கவுண்டர்ல சண்டை போடாதீங்க, ரெண்டா பிரிங்க.

எடைக் கணக்கே ஒரு கொள்ளைன்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு. கட்டணம் அநியாயம்னா நானும் ஒத்துக்கிறேன். அஞ்சு கிலோவுக்கு ஒரு கூலித் தொழிலாளியோட சில நாள் சம்பளம் போகுது. ஆனா எடை விளையாட்டு இல்லை. 2003 ஜனவரி 8, அமெரிக்காவின் ஷார்லட் நகரம். 19 பயணிகளும் 2 விமானிகளும் இருந்த ஒரு சின்ன விமானம், ஏறின உடனே மூக்கு மேலே தூக்கி விழுந்தது. 21 பேரும் இறந்தாங்க. பராமரிப்புல வால் பக்கக் கட்டுப்பாட்டைத் தப்பா பொருத்தியிருந்தாங்க. அதோட எடை அளவுக்கு மேல, பாரம் பின்பக்கம் அதிகம். ஆனா காகிதத்துல எல்லாம் சரியா இருந்தது. ஏன்னா ஆளுக்கு இவ்வளவு, பெட்டிக்கு இவ்வளவுன்னு பழைய சராசரியை வெச்சுக் கணக்கு போட்டிருந்தாங்க. நிஜ மனுஷங்களும் நிஜப் பெட்டிகளும் அதைவிட கனம். அதுக்கப்புறம்தான் அங்கே அந்தச் சராசரியை உயர்த்தினாங்க. குழந்தைக்கு மருந்து எழுதும்போது நாங்க சராசரியைப் பார்க்காம எடை மெஷின்ல ஏத்துறதும் இதுக்குத்தான்.

அடுத்தவங்க பார்சல் பத்தியும் சொல்லணும். "ரெண்டு கிலோதான், என் மச்சான் ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிப்பார்." இப்படி வர்ற ரெண்டு கிலோவுக்குத்தான் உங்க மருந்து இடம் மாறுது. அதுக்குள்ள என்ன இருக்குன்னும் தெரியாது. மசாலாப் பொட்டலத்துக்குள்ள கசகசா இருந்தா வளைகுடா நாடுகள்ல ஜெயில் வரைக்கும் போகும். கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ச் சத்தால தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடிய பொருள்னு விமான விதிகள்லயே பட்டியல்ல இருக்கு. பிரிச்சுக் காட்ட மாட்டேன்னு சொல்றவங்க பார்சலை வாங்காதீங்க. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

மாற்றுத்திறனாளிகள், நடக்க சிரமப்படுறவங்களோட வீல்சேர், வாக்கர், ஊன்றுகோலுக்கு எடைக் கட்டணம் கிடையாது. டிக்கெட் போடும்போதே சொல்லிடுங்க. நெபுலைசர், தூக்கத்துல மாட்டுற சிபாப் மெஷின் கொண்டு போறவங்க விமான நிறுவனத்துக்கு முன்னாடியே எழுதிக் கேட்டு, வந்த பதிலை போன்ல வெச்சுக்குங்க.

கடைசியா, மருந்து விவரக் கடிதம். நோய் என்ன, மருந்தோட மூலப்பெயர் என்ன, ஒரு நாளைக்கு எத்தனை, ஊசி தேவையா இல்லையான்னு ஆங்கிலத்துல ஒரு பக்கம். நீங்க பார்க்கிற அரசு மருத்துவமனை ஓபியிலயே எழுதித் தருவாங்க, இதுக்குன்னு தனியா செலவு பண்ண வேண்டாம். பழைய சீட்டு, பாஸ்போர்ட் நகலோட வாங்க. கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி வாங்க. வாசல்ல கார் நிக்குது டாக்டர், சீக்கிரம்னு வந்து நிக்காதீங்க, அன்னிக்கு எனக்கு முன்னாடி இருநூறு பேர் உட்கார்ந்திருப்பாங்க.