தாத்தா துப்பாக்கி, டெக்சாஸ் பேரன்

துப்பாக்கின்னா எனக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு தீபாவளி ரோல் கேப். இன்னொண்ணு, தேர்தல் வந்தா ஊர்ப் பெரிய மனுஷங்க ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைக்கிற லைசென்ஸ் துப்பாக்கி. அப்பேர்ப்பட்ட நான் போன வருஷம் ரெண்டு வாரம் ராத்திரி உக்காந்து அமெரிக்க ஆயுதச் சட்டம் படிச்சேன். ஆபீஸ்ல புடுங்குற ஆணி பத்தாதுன்னு இது வேற :-)

காரணம், பக்கத்து வீட்டுப் பெரியவர். நாங்க இருக்கிறது ஓஹையோ. அவருக்கு வயசு 84. அவரோட அப்பா இரண்டாம் உலகப் போர் முடிஞ்சு பசிபிக்கிலிருந்து திரும்பும்போது ஒரு ஜப்பான் ரைஃபிளைக் கொண்டுவந்தாராம். அரிசாகா டைப் 99. மேல் இரும்புல பதினாறு இதழ் செவ்வந்திப் பூ, ஜப்பான் பேரரசர் முத்திரை. போர் முடிவில் ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகள் பலதுல இந்தப் பூவை அரத்தால ராவி எடுத்திருப்பாங்க. இவர்கிட்ட இருக்கிறதுல பூ அப்படியே இருக்கு. அதுல மனுஷனுக்குத் தனிப் பெருமை.

இதை டெக்சாஸ்ல இருக்கிற 26 வயசுப் பேரனுக்குக் கொடுக்கணும். "பெட்டியில போட்டு அனுப்பிடலாம்ல? நீ கம்ப்யூட்டர் ஆளு, கொஞ்சம் பாத்துச் சொல்லு"ன்னார்.

பாத்தேன். அனுப்ப முடியாது.

1963 மார்ச்ல, சிகாகோவுல இருந்த ஒரு கடைக்குப் பத்திரிகை விளம்பரக் கூப்பனை வெட்டி அனுப்பி, 21 டாலர் 45 சென்ட் மணியார்டர்ல கட்டி, பழைய இத்தாலிய ராணுவ ரைஃபிள் ஒண்ணை டாலஸ் தபால் பெட்டிக்கு வரவழைச்சார் ஒருத்தர். கூப்பன்ல எழுதின பேர் ஏ. ஹிடெல். நிஜப் பேர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அதே வருஷம் நவம்பர்ல கென்னடி கொல்லப்பட்டது அந்தத் துப்பாக்கியாலதான். அப்புறம் 1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுடப்பட்ட பிறகு, அந்த அக்டோபர்ல அதிபர் ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துல கையெழுத்துப் போட்டார்.

அதோட சாரம் இதுதான். லைசென்ஸ் இல்லாத ஒருத்தர், வேற மாநிலத்துல லைசென்ஸ் இல்லாம இருக்கிற இன்னொருத்தருக்குத் துப்பாக்கியை நேரடியாக் கொடுக்கக் கூடாது. விக்கிறது மட்டுமில்ல, சும்மா பரிசாக் கொடுத்தாலும் தப்புதான். தாத்தா பேரன் உறவெல்லாம் கணக்குல வராது.

"அது எண்பது வருஷத்துப் பழசு, அதுக்குமா?"ன்னு கேட்டார் பெரியவர். நியாயமான கேள்வி. சட்டத்துல துப்பாக்கிக்கு ரெண்டு விதமா வயசு பாக்கறாங்க. 1898 அல்லது அதுக்கு முன்னால செஞ்சதுன்னா புராதனப் பொருள், இந்தச் சட்டமே அதைத் தொடாது. இந்த வருஷம் நகராது, அங்கேயே நிக்கும். ஃபின்லாந்துக்காரங்க இரண்டாம் உலகப் போர்ச் சமயத்துல பழைய ரஷ்ய ரைஃபிள்களைப் பிரிச்சு எம்39-ன்னு புதுசாக் கட்டினாங்க. அதுல சிலதோட நடு இரும்பு 1890-கள்ல வார்த்தது. கட்டையைக் கழட்டி அடியில தேதி பாத்தா, 1940-களோட துப்பாக்கி சட்டப்படி புராதனம் ஆயிடும்!

இன்னொரு கணக்கு நகர்ந்துக்கிட்டே இருக்கும். செஞ்சு 50 வருஷம் ஆகி, மூல வடிவத்துலயே இருந்தா அது சேகரிப்பாளர் பொருள். 1970-ல் செஞ்சது 2020-ல் இந்த வரிசைக்கு வந்துடுச்சு. ஆனா இந்தச் சலுகை துப்பாக்கிக்கு இல்ல, சேகரிக்கிறவருக்கு. 21 வயசு ஆனவர் 30 டாலர் கட்டி மூணு வருஷ லைசென்ஸ் வாங்கினா, இந்த மாதிரிப் பழசுகளை வேற மாநிலத்திலிருந்து நேரா வீட்டுக்கே வரவழைக்கலாம். வந்தது போனது எல்லாத்தையும் நோட்டுல எழுதி வைக்கணும், வியாபாரம் பண்ணக் கூடாது. பேரன் இதை எடுத்திருக்கலாம். ஒரே ஒரு துப்பாக்கிக்காக எதுக்குன்னுட்டான்.

அடுத்த வழி, டெக்சாஸ்ல லைசென்ஸ் உள்ள ஒரு கடைக்கு அனுப்புறது. ரைஃபிளை அப்படித் தபால்லயே அனுப்பலாம். குண்டு இருக்கக் கூடாது, பெட்டிமேல உள்ளே என்னன்னு காட்டிக்கொடுக்கிற எழுத்து எதுவும் கூடாது. பேரன் கடைக்குப் போய் 4473-ங்கிற ஃபாரத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிஞ்சதும் வாங்கிக்கலாம்.

மூணாவது வழியைப் படிச்சப்பதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. உயில், வாரிசுரிமை வழியாப் போனா இந்த மாநில எல்லைத் தடை கிடையாது. பேரன் அவன் ஊர்ச் சட்டப்படி வச்சிருக்கத் தகுதியானவனா இருந்தாப் போதும், நடுவுல கடையே வேண்டாம். இதைச் சொல்றதுக்கு எனக்கு வாய் வரல. ஆனாலும் சொன்னேன்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசல. "அப்ப நான் செத்தா சுலபம். உசுரோட இருந்து கொடுக்கணும்னா கஷ்டம். அப்படித்தானே?"

என்ன பதில் சொல்ல? அவருக்கு வேண்டியது துப்பாக்கி போய்ச் சேர்றது இல்ல. தன் கையால கொடுத்து, அவங்க அப்பா கதையைச் சொல்லி, பேரன் முகத்தைப் பாக்கணும்.

திரும்பப் படிச்சதுல வழி கிடைச்சது. ரைஃபிள்னா, எந்த மாநிலக் கடைக்காரரும் வெளிமாநிலக்காரருக்கு நேர்ல கொடுக்கலாம். ரெண்டு மாநிலச் சட்டத்துக்கும் ஒத்துவரணும், அவ்வளவுதான். கைத்துப்பாக்கிக்கு இது கிடையாது. அதனால நன்றி நாளுக்குப் பேரனை இங்கே வரச் சொல்லி, நம்ம ஊர்க் கடையிலயே கைமாத்தியாச்சு. ஃபாரம், சோதனை எல்லாம் முடிஞ்சு, கவுண்டர்லயே அப்பா கதையை முழுசாச் சொன்னாராம். கடைக்காரரும் வேலையை விட்டுட்டு நின்னு கேட்டாராம்.

அந்தப் பூவைப் பாத்திருக்கேனே தவிர, துப்பாக்கியைக் கையில வாங்கினதே இல்ல. எச்1 மாதிரித் தற்காலிக விசாவுல வந்தவங்க, வேட்டை லைசென்ஸ் மாதிரிச் சில விலக்கு இல்லாம, துப்பாக்கி வச்சிருக்கவே கூடாது. அதுவும் அந்த ராத்திரிகள்ல படிச்சதுதான்.

யோசிச்சுப் பாத்தா, எல்லா வழியிலயும் ஒண்ணு பொதுவா இருக்கு. கடைக்காரர் ஃபாரம், சேகரிப்பாளர் நோட்டு, உயில். எங்கேயோ ஒரு தாள்ல நிஜப் பேர் ஒண்ணு பதிவாகணும். ஹிடெல்னு எழுதின ஒரு கூப்பனுக்கு நாடு கொடுத்த பதில் அது. பெரியவருக்கு இதைச் சொன்னேன். "என் பேரன் பேரை எழுதறதுல எனக்கென்ன குறை"ன்னார்.

டிஸ்கி: மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். இதை நம்பி யாரும் பெட்டி கட்டிடாதீங்க மக்கா, வக்கீலைக் கேளுங்க!