ஒரு பவுணுக்கு மூன்று பென்ஸ்

பிரித்தானியாவில் வாழும் நம்மவர்களுக்குத் தேசிய சுகாதார சேவை என்பது என்னவென்று விளக்கத் தேவையில்லை. வைத்தியராகவோ, தாதியாகவோ, மருந்தாளராகவோ, அல்லது காத்திருப்போர் வரிசையில் அமர்ந்திருக்கும் நோயாளியாகவோ அதனுடன் தொடர்பில்லாத தமிழ்க் குடும்பம் அங்கு அரிது. ஆயினும் அந்தச் சேவை பிறந்த ஊர் எதுவென்று கேட்டால் பெரும்பாலானோர் லண்டன் என்றே சொல்வர். சட்டப் புத்தகத்தின்படி அது சரிதான். 1948 ஜூலை 5 ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. ஆனால், அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, தென் வேல்ஸின் மலைகளுக்கிடையே ஒடுங்கிக் கிடந்த ஒரு சுரங்க ஊரில், வைத்தியரைக் கூலிக்கு அமர்த்தும் உரிமையை நிலக்கரி வெட்டுவோர் தமது கையில் எடுத்துக்கொண்டிருந்தனர். அந்த ஊரின் பெயர் ட்ரெடீகர்.

2018 இன் கோடையில், சுகாதார சேவையின் எழுபதாவது ஆண்டு கொண்டாடப்பட்ட வேளையில், அங்கு செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அழைத்துச் சென்றவர் என் பாடசாலைத் தோழர். கொழும்பில் வைத்தியப் படிப்பை முடித்து எழுபதுகளின் நடுப்பகுதியில் பிரித்தானியாவுக்குச் சென்றவர். ட்ரெடீகருக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குடும்ப வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். "நீர் தொழிற்சங்கம் தொழிற்சங்கம் என்று எழுதினீரே, வந்து பாரும்" என்று பல ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். தென் வேல்ஸின் நிலக்கரிப் படுகை ஒரு நீள்வட்டக் கிண்ணம் போன்றது. கிண்ணத்தின் விளிம்பில் நிலக்கரி நிலத்தின் மேற்பரப்பை எட்டிப் பார்க்கிறது, நடுவில் ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. வடக்கு விளிம்பில் நிலக்கரியும் இரும்புத் தாதும் சுண்ணாம்புக்கல்லும் ஒன்றுக்கொன்று அருகருகே கிடைத்தன. இரும்பு உருக்க இம்மூன்றும் வேண்டும். எனவேதான் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆடு மேய்ந்துகொண்டிருந்த அந்த மலைச்சரிவுகளில் உலைகள் எழுந்தன. ரிம்னி, சிர்ஹொவி, எபு ஆகிய ஆறுகள் வடக்கிலிருந்து தெற்காக, கைவிரல்களைப் போல அருகருகே ஓடுகின்றன. ஒவ்வொரு விரலிடுக்கிலும் ஒரு பள்ளத்தாக்கு, ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஊர்களின் வரிசை. சிர்ஹொவிப் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது ட்ரெடீகர். தெற்கே இருபது மைல் தொலைவில் நியூபோர்ட் துறைமுகம். ஊரின் பெயர்கூட ஊருக்குச் சொந்தமானதல்ல. நிலத்தின் உரிமையாளர்களான மோர்கன் குடும்பத்தினர் நியூபோர்ட்டுக்கு அருகே வாழ்ந்த மாளிகையின் பெயர் அது.

1800இல் சாமுவெல் ஹொம்ப்ரேயும் பங்காளிகளும் இங்கு இரும்பாலையை நிறுவினர். உலை வந்தது, வேலை வந்தது, வேல்ஸின் கிராமங்களிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் மக்கள் வந்தனர். வடிகாலும் சுத்தமான தண்ணீரும் மட்டும் வரவில்லை. 1832இலும் 1849இலும் வாந்திபேதி ஊரைச் சூறையாடியது. ஊருக்கு மேற்கே செவென் கோலாய் என்னும் மேட்டு வெளியில் அதனால் இறந்தோருக்கென்றே ஒரு மயானம் இருக்கிறது. ஊர்த் தேவாலயத்தின் அருகே புதைக்க மக்கள் அஞ்சியதால் பிணங்களை மலைக்குக் கொண்டுபோயினர். சாய்ந்தும் உடைந்தும் நிற்கும் கற்களுக்கிடையே இப்பொழுது ஆடுகள் மேய்கின்றன. மரமோ மதிலோ இல்லாத அந்த வெளியில் காற்றின் ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. ட்ரெடீகரைப் பார்க்கச் செல்பவர்கள் முதலில் அங்குதான் போகவேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதற்குப் பின்னரே, ஊர் நடுவிலுள்ள வட்டச் சதுக்கத்தில் எழுபத்திரண்டு அடி உயரத்துக்கு வார்ப்பிரும்பில் நிமிர்ந்து நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்க்கவேண்டும். 1858இல் வெலிங்டன் பிரபுவின் நினைவாக அதனை எழுப்பினார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரும்பு தளர்ந்தது, நிலக்கரி தலையெடுத்தது. நீராவிக் கப்பல்களின் காலம் அது. 1873இல் ட்ரெடீகர் இரும்பு, நிலக்கரிக் கம்பனி என்ற பெயரே வந்துவிட்டது. பெட்வெல்ற்றிப் பூங்காவில் பதினைந்து தொன் எடையுள்ள ஒரே நிலக்கரிப் பாளத்தை வைத்திருக்கிறார்கள். 1851ஆம் ஆண்டின் லண்டன் பெருங்கண்காட்சிக்கென வெட்டியெடுத்தார்களாம். வழியில் உடைந்துவிடும் என்ற அச்சத்தில் அனுப்பாமலே விட்டார்கள். உலகெங்கும் நிலக்கரியை அனுப்பிய பிரதேசத்தில், அனுப்பாமல் விட்ட அந்த ஒரு பாளம்தான் இப்போது காட்சிப் பொருள்.

இனி, நான் சொல்ல வந்த விடயம். 1890இல் ட்ரெடீகர்த் தொழிலாளர் தமது மருத்துவ உதவிச் சங்கத்தை அமைத்தனர். அதற்கு முன்னரும் கம்பனி வைத்தியர் ஒருவர் இருந்தார், தொழிலாளியின் சம்பளத்திலிருந்தே அவருக்கான பணம் கழிக்கப்பட்டது. ஆனால் அவரை நியமிப்பது முதலாளி. காயமடைந்தவன் வேலைக்குத் தகுதியா இல்லையா என்று சொல்பவர் முதலாளியின் ஆள் என்றால் அதன் பொருள் என்ன என்பதைத் தோட்டத் தொழிலாளர் பற்றி எழுதிய எந்தப் பத்திரிகையாளனுக்கும் விளக்கத் தேவையில்லை. சங்கம் இதனைத் தலைகீழாக்கியது. பணமும் தொழிலாளருடையது, குழுவும் தொழிலாளருடையது, வைத்தியரைத் தெரிவு செய்வதும் சம்பளம் கொடுப்பதும் அவர்களே.

சந்தா, சம்பளத்தில் ஒரு பவுணுக்கு மூன்று பென்ஸ். பழைய கணக்கில் பவுணுக்கு 240 பென்ஸ் ஆதலால் இது எண்பதில் ஒரு பங்கு. அதிகம் உழைத்தவன் அதிகம் கொடுத்தான், குறைவாக உழைத்தவன் குறைவாகக் கொடுத்தான், கிடைத்த வைத்தியம் மட்டும் இருவருக்கும் ஒன்றே. மனைவி மக்களுக்கும் அது உண்டு. நாளடைவில் கடைக்காரரும் ஆசிரியரும்கூட ஆண்டுச் சந்தா கட்டிச் சேர்ந்தனர். வைத்தியர்கள், பல் வைத்தியர், தாதியர், மருந்தகம், மூக்குக்கண்ணாடி என்று சங்கம் வளர்ந்தது. 1904இல் திறக்கப்பட்ட ஊர் வைத்தியசாலையையும் தொழிலாளரின் பணமே தாங்கிற்று. சங்கம் உச்சத்தில் இருந்தபோது ஊர் மக்களில் இருபது பேருக்குப் பத்தொன்பது பேர் அதன் பாதுகாப்பில் இருந்தனர்.

இதனைக் கேட்டபோது என் மனம் வேறெங்கோ போயிற்று. நான் பத்திரிகைத் தொழிலில் சேர்ந்த காலத்தில் எழுத்துக்கள் ஈயத்தில் இருந்தன. அச்சுக்கோப்பாளர் ஒருவர் நோயுற்றால் தாள் ஒன்று மேசைக்கு மேசை வரும். பெயரையும் தொகையையும் எழுதிக் கையொப்பமிடுவோம். ஆசிரியர் எவ்வளவு எழுதியிருக்கிறார் என்று பார்த்து அதற்குச் சற்றுக் குறைவாக உதவியாசிரியர் எழுதுவார். இருபது ஆண்டுகளுக்கு மேல் எழுத்துக் கோத்த ஒருவருக்கு நெஞ்சு முற்றாகப் பழுதடைந்தபோது மூன்றாவது தடவையாகத் தாள் வந்தது. அதனைச் சுற்றுக்கு விடவேண்டாம் என்று அவரே மகனிடம் சொல்லியனுப்பினார். நிர்வாகத்திடம் கேட்டோம், விதிகளில் இடமில்லை என்றார்கள். அவருக்கு அரசாங்க வைத்தியசாலையில் கட்டணமின்றிக் கட்டில் கிடைத்தது. ஆனால் வீட்டில் அடுப்பெரிய அந்தத் தாள் தேவைப்பட்டது. எங்களில் எவரும் அவரைத் தாழ்வாக நினைக்கவில்லை என்பது உண்மை. எனினும் அவர் ஒவ்வொரு பெயரையும் நினைவில் வைத்திருந்தார். நன்றிக்கடன் பட்டவனுக்குத்தான் பெயர்கள் நினைவிருக்கும். பவுணுக்கு மூன்று பென்ஸ் கட்டியவன் எவர் பெயரையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை.

இந்த ஊரில் 1897 நவம்பர் 15இல் பிறந்தவர் அனைரின் பெவன். ஊரார் அழைக்கும் பெயர் நை. சுரங்கத் தொழிலாளியின் மகன், திக்குவாய். பதின்மூன்று வயதில் படிப்பை விட்டு டீ டிரிஸ்ற் சுரங்கத்தில் இறங்கினார், தொழிலாளர் நூலகத்தில் வாசித்து வளர்ந்தார். தந்தை 1925இல் சுரங்கத் தூசியால் நுரையீரல் அழிந்து இறந்தார். அக்காலத்தில் அந்நோய் தொழில்சார் நோயாக ஏற்கப்படாததால் ஒரு சதமும் இழப்பீடு இல்லை. இருபதுகளில் ஊர் வைத்தியசாலையின் நிர்வாகக் குழுவில் பெவன் இருந்தார். 1929 முதல் 1960இல் இறக்கும்வரை எபு வேல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். 1945இல் சுகாதார அமைச்சர். பிரித்தானியா முழுவதையும் ட்ரெடீகராக்கப் போவதாக அவர் சொன்னது அங்கு இன்றும் பெருமையுடன் நினைவுகூரப்படுகிறது. பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்கத் தமது அரசாங்கமே முடிவு செய்தபோது, 1951 ஏப்ரலில் பதவியைத் துறந்தார். அற்பக் கட்டணத்துக்காகப் பதவியை விடுவதா என்று அன்று கேட்டவர்கள், பவுணுக்கு மூன்று பென்ஸின் ஊரை அறியாதவர்கள்.

ஆயினும் இந்த ஊரைக் கோயிலாக்கிக் கும்பிட நான் தயாரில்லை. 1911 ஓகஸ்டில் இதே ட்ரெடீகரில்தான் யூதர்களின் கடைகளைக் கும்பல் சூறையாடியது. கலகம் அயல் ஊர்களுக்கும் பரவி, இராணுவம் வரவேண்டியதாயிற்று. உயிர்கள் பறிக்கப்படவில்லை, பிழைப்புகள் பறிக்கப்பட்டன. சங்கம் அமைத்தவர்களும் கல்லெறிந்தவர்களும் ஒரே தெருக்களில் வாழ்ந்தவர்கள். சங்கத்தின்மீதும் குறை சொன்னவர் உண்டு. 1921 முதல் 1924 வரை இங்கு பணிபுரிந்த வைத்தியர் ஏ. ஜே. குரோனின், பின்னாளில் நாவலாசிரியராகி, 1937இல் வெளியிட்ட 'த சிற்றடெல்' நாவலில் இத்தகைய ஒரு குழுவின் அற்பத்தனங்களையும் விட்டுவைக்கவில்லை.

நிலக்கரியின் கதை விரைவாகச் சொல்லக்கூடியது. தென் வேல்ஸின் உற்பத்தி 1913இல் உச்சத்தை எட்டியது, பிறகு இறக்கமே. 1947இல் சுரங்கங்கள் தேசியமயமாயின. டீ டிரிஸ்ற் 1959இல் மூடப்பட்டது, அடுத்த ஆண்டு ட்ரெடீகருக்கான பயணிகள் ரயிலும் நின்றது. எபு வேலின் உருக்காலை 2002இல் மூடியது. தென் வேல்ஸின் பழைய ஆழ்சுரங்கங்களில் இறுதியாக எஞ்சியிருந்த டவர், 2008 ஜனவரியில் முடிந்தது. பதினைந்தாயிரம் பேர் வாழும் ட்ரெடீகரில் இன்று பச்சைப்பசேலென்ற மலைகளும் மீன் திரும்பி வந்த ஆறும் உண்டு. வேலை தேடுவோர் காரிலும் பஸ்ஸிலும் வெளியூர் போகின்றனர். சுரங்கம் போனபின்னும் நுரையீரல்கள் அதன் கணக்கைச் செலுத்திக்கொண்டிருந்தன.

இங்குதான் என் தோழர் போன்றவர்கள் வருகிறார்கள். 1971இல், வேல்ஸின் இன்னொரு சுரங்கக் கிராமத்தில் பணிபுரிந்த வைத்தியர் ஜூலியன் ரியூடர் ஹார்ட், எங்கே வைத்தியம் அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்ற விதியை எழுதினார். உள்நாட்டு வைத்தியர் வரத் தயங்கிய பள்ளத்தாக்குகளை இந்தியா, பாகிஸ்தான், இலங்கை வைத்தியர்கள் நிரப்பினர். பெரிய வைத்தியசாலைகளில் மேற்பதவிகள் எட்டாதவர்களாயிருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று தோழர் ஒளிக்காமல் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் தனியாக மலைப்பாதையில் கார் ஓட்டிச் சென்ற கதைகளை அவர் சொல்லக் கேட்டால், தியாகம் என்று எழுதத் தோன்றும். அவருக்கு அந்தச் சொல் பிடிக்காது. "சம்பளம் தந்தார்கள், செய்தேன்" என்பார்.

தொழிலாளர் பணத்தில் நின்ற அந்த ஊர் வைத்தியசாலை 1948இல் அரசுடைமையாகி, 2010இல் மூடப்பட்டது. எபு வேலில் பெவனின் பெயரில் புதிய வைத்தியசாலை திறக்கப்பட்டது. பழைய வைத்தியசாலை நின்ற நிலத்தில், மீண்டும் பெவனின் பெயரில், ஒரு சுகாதார நிலையம் 2024இல் திறக்கப்பட்டிருக்கிறது. நல்ல கட்டடம் என்று தோழர் எழுதியிருந்தார். ஆனால் மூடுவதையும் திறப்பதையும் தீர்மானித்த இடம் வேறு. நாடு முழுவதற்கும் வைத்தியம் கிடைக்கவேண்டுமென்றால், வைத்தியரைத் தெரிவு செய்யும் அதிகாரத்தை ஊர் விட்டுக்கொடுக்கவேண்டியிருந்தது. அந்தப் பேரத்தைப் பெவன் தெரிந்தே செய்தார். நியாயமான பேரம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் இழப்பில்லாத பேரம் அல்ல.

2016 ஜூன் வாக்கெடுப்பில், ட்ரெடீகர் அடங்கும் பிளைனை குவென்ட் பகுதியில் 62 சதவீதத்தினர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வாக்களித்தனர். வேல்ஸ் முழுவதிலும் அதுவே மிகக் கூடிய விகிதம். ஒன்றியத்தின் நிதியில் வீதிகளும் கட்டடங்களும் பெற்ற பகுதி, வெளிநாட்டவர் மிகக் குறைவாக வாழும் பகுதி. தோழர் அப்போது ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தார். மறுநாட் காலை, முப்பது ஆண்டுகளாக அவரிடம் வைத்தியம் பார்த்துவந்த முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஒருவர் சங்கடத்துடன் அறைக்குள் வந்து, "டொக்டர், நாங்கள் உங்களை நினைத்து வாக்களிக்கவில்லை" என்றாராம்.

நீர் என்ன பதில் சொன்னீர் என்று கேட்டேன்.

"சட்டைக் கையை மடியும், பிரஷரைப் பார்ப்போம் என்றேன். நூற்றெண்பது இருந்தது" என்றார்.