எலியை மறந்த கதை

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறவர்கள் பால்கோவா வாங்கி வருவார்கள். நானோ ராஜபாளையத்திலிருந்து அங்கே ஒரு செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அதன் விலை பிறகுதான் தெரிந்தது.

2023 ஜூனில் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வந்த ஆராய்ச்சி அது. டாரின் என்றொரு பொருள். 1827-ல் காளையின் பித்தநீரில் கண்டுபிடித்ததால், லத்தீனில் காளையைக் குறிக்கும் 'டாரஸ்' என்ற சொல்லே அதற்குப் பெயராயிற்று. நம் உடலும் அதை உண்டாக்கிக்கொள்கிறது. மீனிலும் இறைச்சியிலும் இருக்கிறது. வயதாக ஆக அது குறைகிறது என்றும், நடுவயதுச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தால் ஆயுள் 10 முதல் 12 சதவிகிதம் கூடுகிறது, எலும்பும் தசையும் வலுக்கின்றன என்றும் விஜய் யாதவும் சகாக்களும் எழுதியிருந்தார்கள். மனிதர்களிடம் இனிமேல்தான் சோதிக்க வேண்டும் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

நான் மறைத்துவிட்டேன். மாமா பஞ்சாலையில் உழைத்து ஓய்ந்தவர். முழங்காலைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கதை எழுதுகிற வாய் சும்மா இருக்குமா? மருந்தைச் சொன்னேன், எலியைச் சொல்லவில்லை.

2025-ல் அதே சஞ்சிகையில் அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வாளர்கள் வேறொன்று எழுதினார்கள். 26 முதல் 100 வயது வரையுள்ள மனிதர்களையும், குரங்குகளையும், சுண்டெலிகளையும் பார்த்ததில், வயதோடு டாரின் குறைவதாகக் காணோம். பெரும்பாலும் கூடுகிறது, அல்லது மாறாமல் இருக்கிறது. டாரினால் பயனே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. முதுமையை அதைக்கொண்டு அளக்க முடியாது என்றார்கள்.

அதைச் சொல்லிவிட்டு வரலாமென்று பஸ் ஏறினேன். அலமாரியில் டாரின் டப்பாக்கள் வரிசையாக இருந்தன.

"ரத்த அழுத்த மாத்திரை எங்கே மாமா?"

"அதை நிறுத்தி நாலு மாசமாச்சு மருமகனே. ரெண்டுக்கும் பென்ஷன் காணலை. நீ சொன்னது உசத்தியான மருந்தாச்சே!"

எனக்கு நா எழவில்லை. அன்றே டாக்டரிடம் அழைத்துப் போனேன். நல்லவேளை, பெரிய விபரீதம் எதுவும் நேரவில்லை. பழைய மாத்திரை மறுபடி ஆரம்பமாயிற்று.

கதையில் நான் யாரையும் நூறு வயது வாழ வைக்கலாம், கணக்குக் கேட்பாரில்லை. விஞ்ஞானிகள் ஒருவரை ஒருவர் கணக்குக் கேட்டுக்கொள்கிறார்கள். நடுவில் நின்று செய்தி சொல்கிற என்னைப் போன்றவர்களைத்தான் யாரும் கேட்பதில்லை. மாமாவும் கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.