பலூன் + ஊசி = அக்கா கல்யாணம்?

போன மாசம் எங்க வீட்டு ஹாலில் ஒரு பட்ஜெட் கூட்டத்தொடர் நடந்தது. நிதியமைச்சர் அப்பா, எதிர்க்கட்சித் தலைவர் அக்கா, கணக்குப்பிள்ளை நான். (பி.காம் மூணாவது வருஷம்னா வீட்டில் இந்த வேலைதான் கிடைக்கும்!) விவாதப் பொருள், அக்காவோட எடை.

அக்காவுக்கு 27 வயசு. கல்வராயன் மலையில் வெள்ளிமலை பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தொகுப்பூதிய டீச்சர். திங்கட்கிழமை விடியக்காலை கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினா, கச்சிராயபாளையம் தாண்டி மலைமேலே போயிடுவா. அப்புறம் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வீடு. எடை 84 கிலோ. பெண் பார்க்க வந்த ரெண்டு இடமும் "கொஞ்சம் குறைச்சா நல்லாருக்கும்"னு தரகர்கிட்ட சொல்லி அனுப்ப, அப்பா வெளியூர் கிளினிக் ஒண்ணில் விசாரிச்சுட்டு வந்துட்டார். பேக்கேஜாம். ஒரே நாளில் வயித்துக்குள்ள பலூன், கூடவே வாராவாரம் போட ஊசி. ரெண்டும் சேர்ந்தா டபுள் எஃபெக்ட்! அம்மாவோட செயினை அடகு வெச்சா போதும்னு சொன்னார். அக்கா எதுவும் பேசலை. அதுதான் எனக்கு உறுத்துச்சு.

ரெண்டு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். பலூன்ங்கிறது ஒரு சிலிகோன் பை. சுருட்டி எண்டோஸ்கோப்பி வழியா உள்ளே விட்டு, 400 முதல் 700 மில்லி வரை உப்புத்தண்ணீரை நிரப்புறாங்க. வயித்தில் இடம் குறையும், சாப்பாடு மெதுவா இறங்கும். ஆறு மாசத்தில் எடுத்துடணும். அந்தத் தண்ணியில் நீலச் சாயம் கலந்திருப்பாங்க. பலூன் ஓட்டையானா சிறுநீர் நீலம் பச்சையா வந்து காட்டிக்கொடுக்கும். (யோசிச்சவன் கில்லாடி.) முழுங்குற மாதிரி ஒரு வகையும் இருக்கு. அது சுமார் நாலு மாசத்தில் தானே சுருங்கி வெளியேறிடும்.

ஊசி வேற ரகம். ஜி.எல்.பி.-1ங்கிற குடல் ஹார்மோனைப் போல வேலை செஞ்சு, மூளைக்குப் 'போதும்'னு சொல்லும். வயிறு காலியாகுறதையும் தாமதப்படுத்தும். மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும், வெகோவி அதே வருஷம் ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தது.

கவனிச்சீங்களா? ரெண்டுமே ஒரே வேலையைத்தான் செய்யுது. ரெண்டுக்குமே ஆரம்பத்தில் வர்ற தொந்தரவும் ஒண்ணுதான், குமட்டல், வாந்தி. அதனால சேர்த்துக் கொடுக்கிறதுன்னா பலூன் பழகினப்புறமோ, எடுத்தப்புறம் எடை ஏறாமல் இருக்கவோ ஊசியைத் தொடங்கினால்தான் அர்த்தம். சவுதியில் பலூனோட லிராகுளுடைடு ஊசியைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அதில் ஊசியால கூடுதலா எடை குறைஞ்சதுன்னு அடிச்சுச் சொல்ல முடியலை. ஆனா பலூனை எடுத்த ஆறு மாசம் கழிச்சு தோத்துப்போனவங்க ஊசிக்காரங்களில் கம்மி. இன்னொரு விஷயம், எண்டோஸ்கோப்பிக்கு வயிறு காலியா இருக்கணும். ஊசி போட்டவங்களுக்குச் சாப்பாடு உள்ளேயே தங்கி, மயக்கத்தில் நுரையீரலுக்குள்ள போற ஆபத்து இருக்குன்னு அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2023 ஜூனில் எச்சரிச்சது. வார ஊசியை ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தச் சொன்னாங்க. நம்ம பேக்கேஜில் ரெண்டும் ஒரே நாள்!

இதை வீட்டில் சொன்னப்போ அக்கா முதல் முறையா வாயைத் திறந்தா. "டேய், பலூன் சுருங்கிக் குடல்ல அடைச்சுக்கிட்டா என்னடா ஆகும்?" ஆபரேஷன் வரைக்கும் போகலாம்னேன். "அது வெள்ளிமலையில ராத்திரி ரெண்டு மணிக்கு நடந்தா?" அப்பா டி.வி. சத்தத்தைக் குறைச்சார். கள்ளக்குறிச்சியில் 2022-ல் மெடிக்கல் காலேஜே திறந்தாச்சு, ஆனா மலையிலிருந்து அந்த நேரத்தில் இறங்கணுமே.

அப்புறம் நம்ம டிபார்ட்மெண்ட். பலூன் ஆறு மாச ஆயுள் உள்ள சொத்து, கடைசியில் ஸ்கிராப் மதிப்பு பூஜ்யம். ஊசியோ வாடகை. மவுன்ஜாரோ அறிமுகமானப்போ 5 மி.கி. குப்பி 4,375 ரூபாய், மாசம் நாலுன்னா 17,500. அக்கா சம்பளமே அதுக்குக் கீழேதான். விலை இறங்கினாலும் வாடகை வாடகைதான். செமாகுளுடைடை நிறுத்தினவங்களுக்கு ஒரே வருஷத்தில், குறைஞ்ச எடையில் மூணில் ரெண்டு பங்கு திரும்ப வந்துச்சுன்னு 2022-ல் ஒரு ஆய்வு வந்திருக்கு.

அடுத்து வர்றதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம அம்மாகிட்ட மட்டும் சொன்னேன். குழந்தை பெத்துக்கத் திட்டமிட்டா, செமாகுளுடைடை ரெண்டு மாசம் முன்னாடியே நிறுத்தணும். கர்ப்பத்தில் பலூனும் கூடாது. கல்யாணமாகி மூணாம் மாசமே "விசேஷம் உண்டா?"ன்னு கேட்கிற ஊர் இது. அம்மா நேரா அப்பாகிட்டப் போய், "கல்யாணத்துக்காக ஏத்திட்டு, கல்யாணத்துக்காகவே நிறுத்தணுமாம்"னாங்க.

நான் ஊசிக்கு எதிரியில்லை. சர்க்கரை, மூச்சுத்திணறல் இருக்கிற ஒருத்தருக்கு டாக்டர் பார்த்துக் கொடுத்தா அது வரம்தான். நம்மாளுங்களுக்கு பி.எம்.ஐ. 25 தாண்டினாலே உடல்பருமன் கணக்கு, அக்கா 33. அவளுக்கே ஒருநாள் தேவைப்படலாம். ஆனா அந்த கிளினிக்கில் தைராய்டு, சர்க்கரை எதுவுமே பார்க்கலை. ஆறு மாசம் கழிச்சு என்னன்னு அக்கா போனில் கேட்டதுக்கு, இ.எம்.ஐ. வசதி இருக்குன்னு பதில் வந்தது.

வர்ற சனிக்கிழமை கள்ளக்குறிச்சியிலேயே ரத்தம் கொடுக்கப் போறோம். துணைக்கு நான். வெறும் வயித்தில் போகணும்னதும், டெஸ்ட் முடிஞ்சதும் எந்தக் கடையில் டிபன்னு அக்கா இப்பவே கேட்க ஆரம்பிச்சுட்டா.